டிஜிட்டல் பியானோவின் டிரான்ஸ்போஸ் பட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு டிஜிட்டல் பியானோ பல வேலைகளைச் செய்கிறது. பிள்ளையின் பாடத்துக்கென்று தாமான் வீட்டில் வாங்கி வைத்தது வெள்ளிக்கிழமை பஜனைக்கும் போகும். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வேனில் ஏறும். தேவாலயத்தில் இருப்பது ஞாயிறு ஆராதனைக்கும் திருமணத்துக்கும் இளையோர் கூட்டத்துக்கும் ஒன்றே. பாடுகிறவர்கள் வாரந்தோறும் மாறுகிறார்கள். வாசிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த ஸ்கேலோ இரண்டு அல்லது மூன்று. இந்த நிலையில் டிரான்ஸ்போஸ் பட்டனைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பட்டன் சரியாக என்ன செய்கிறது?

விரல் தொடும் கட்டைக்கும் வெளிவரும் ஒலிக்கும் உள்ள இணைப்பை நகர்த்துகிறது. டிஜிட்டல் பியானோவுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. 1983-இல் வந்த மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை) முறைப்படி நடு சி-யின் எண் 60, அடுத்த கறுப்புக் கட்டை 61, டி 62. டிரான்ஸ்போஸை +2 என்று வைத்துவிட்டு 60-ஐ அழுத்தினால் கருவி 62-ஐ ஒலிக்கும். 261.6 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 293.7 ஹெர்ட்ஸ் வரும். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு நகர்வதால் சுரங்களுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை. பாட்டு அதே பாட்டுதான். அதன் உயரம் மட்டும் வேறு.

ஒரு படி என்பது ஓர் அரைச்சுரம். 12 படி சேர்ந்தால் ஒரு ஸ்தாயி. பல கருவிகள் −6 முதல் +6 வரை நகரும், சில −12 முதல் +12 வரை போகும். ஆறு படியே போதும். 7 படி ஏற்ற நினைக்கும் இடத்தில் 5 படி இறக்கிவிட்டு, ஒரு ஸ்தாயி மேலே தள்ளி வாசித்தால் அதே சுரம் கிடைத்துவிடும்.

பட்டனே கண்ணில் படவில்லை. எங்கே இருக்கிறது?

விலை குறைந்த பியானோக்களில் தனிப் பட்டன் இருப்பது அரிது. ‘ஃபங்ஷன்’ என்று எழுதிய பட்டனை, அல்லது ஒலியைத் தேர்ந்தெடுக்கும் பட்டனை, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையைத் தொட வேண்டியிருக்கும். பல மாடல்களில் எஃப் ஷார்ப் முதல் அடுத்த எஃப் ஷார்ப் வரையுள்ள 13 கட்டைகள் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள சி பூஜ்யம், டி என்றால் +2, பி என்றால் −1. எந்த ஸ்தாயியில் உள்ள கட்டைகள் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடி எடுக்கலாம். தாளம் போடும் கீபோர்டுகளில் பெரும்பாலும் + மற்றும் − பட்டன்களே இருக்கும்.

சரியாக மாறியதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கைத்தொலைபேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு சி கட்டையை அழுத்துவது. திரையில் டி என்று வந்தால் +2.

எங்கள் பஜனையில் பாடும் அக்காவுக்கு 5 கட்டை. எந்த எண்ணை வைக்க வேண்டும்?

−5. நீங்கள் சி கட்டையையே ஸட்ஜமாக (‘ச’ சுரமாக) வைத்து வாசிக்கலாம்.

கணக்கைப் புரிந்துகொண்டால் எந்தப் பாடகர் வந்தாலும் தடுமாற மாட்டீர்கள். 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள்: 1½, 2½, 4½, 5½, 6½. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் 3½ கட்டை என்று ஒன்று கிடையாது. சி-யை ஸட்ஜமாக வைத்து வாசிப்பவருக்கு 1 கட்டை பூஜ்யம்; 1½ என்றால் +1, 2 என்றால் +2, 2½ என்றால் +3, 3 என்றால் +4, 4 என்றால் +5. 4½ வந்தால் +6 அல்லது −6. அதற்கு மேல் இறக்குவதுதான் வசதி: 5 கட்டை −5, 5½ கட்டை −4, 6 கட்டை −3, 6½ கட்டை −2, 7 கட்டை −1.

5 கட்டைக்கு ஏன் +7 வேண்டாம் என்று கேட்பார்கள். பெண்குரலில் 5 கட்டை என்றால் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யில் நிற்கும். −5 வைத்தால் நடு சி கட்டை அந்த ஒலியையே தருகிறது. கை பழகிய இடத்தில் இருக்கிறது, பாடுகிறவரும் தன் ஸ்தாயியைத் தேட வேண்டியதில்லை. +7 வைத்தால் ஒரு ஸ்தாயி மேலே போய், அந்த அக்காவின் காதருகே கூர்மையாக ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஆண்கள் பொதுவாக 1 கட்டைக்கும் 2 கட்டைக்கும் இடையில் பாடுவார்கள். அவர்களுடைய ஸட்ஜம் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால், +1 அல்லது +2 வைத்துக்கொண்டு இடப்பக்கம் உள்ள சி-யிலிருந்து வாசியுங்கள்.

பாடுகிறவருக்குத் தன் கட்டையே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே நடக்கும் குறைகளில் பாதிக்கு இதுதான் காரணம். பல்லவியைப் பாடச் சொல்லி, அது வசதியாக இருக்கிறது என்றதும் சுருதியை உறுதிசெய்துவிடுகிறார்கள். சரணத்தில் மேலே ஏறும் வரி வந்ததும் தொண்டை இறுகுகிறது, குரல் பிசிறுகிறது. பாடியவர் தன்னைத்தான் குறைசொல்லிக்கொள்கிறார். குறை அவரிடம் இல்லை.

பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் பாடச் சொல்லுங்கள், பியானோ துணை இல்லாமல். அவர் வசதியாகப் பிடிக்கும் உயரத்தில் அந்த வரியின் உச்ச சுரம் எது என்று கட்டையில் தேடுங்கள். பிறகு மிகத் தாழ்ந்த வரி. உச்சமும் அடியும் இரண்டும் தெளிவாகக் கேட்கும் இடமே அந்தப் பாட்டுக்கு அவருடைய சுருதி. அதே பாடகருக்கு இன்னொரு பாட்டுக்கு அது ஒரு படி மாறலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை. காலையில் குரல் தாழ்ந்திருக்கும். மாலையில் பாடப்போகும் பாட்டுக்கு விடிகாலையில் சுருதி பார்க்காதீர்கள்.

வயதானவர்கள் கேட்டு வாங்க மாட்டார்கள். ‘பாட்டி, மேல்வரி எட்டுகிறதா? கொஞ்சம் இறக்கட்டுமா?’ என்று வாசிக்கும் பிள்ளைதான் கேட்க வேண்டும். ஒரு படி இறக்கினாலே பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள் பாடத் தொடங்குவதை நீங்கள் கேட்கலாம். இந்தப் பட்டனுக்கு இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியாது.

சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு எந்த உயரம் பொருந்தும்?

பயிற்சி இல்லாத குரல்கள் சேர்ந்து பாடும்போது, மெட்டின் உச்ச சுரம் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள சி அல்லது டி-யில் நின்றால் நல்லது. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். டி-யைத் தாண்டினால் முதலில் அடங்கிப்போவது தாத்தாக்களும் பாட்டிகளும். கீழ்ப்பக்கம் நடு சி-க்குக் கீழுள்ள ஏ வரை போகலாம். அதற்கும் கீழே போனால் சிறுவர்களின் குரல் காணாமல் போய்விடும்.

ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தில் ஈ ஃப்ளாட் என்று இருக்கிறது. +3 வைத்தேன், பாட்டு எங்கோ போய்விட்டது. ஏன்?

அச்சிட்ட நோட்டை அப்படியே வாசித்திருப்பீர்கள். விரல் ஈ ஃப்ளாட்டில் இருக்க, பட்டனும் மூன்று படி ஏற்ற, பாட்டு ஜி ஃப்ளாட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நோட்டுப் பார்க்காமல் சி ஸ்கேலில் வாசிப்பவர், ஈ ஃப்ளாட்டில் ஒலிக்க வேண்டுமென்றால் +3 வைக்கலாம். நோட்டைப் பார்த்து வாசிப்பவர் அச்சில் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டும். சபையாருக்கு உயரம் கூடுதலாக இருந்தால் மட்டும் −1 அல்லது −2 வைக்க வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கும் தேவாலயத்தில் இந்தக் குழப்பம் வந்தே தீரும், ஆகவே பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் விரல் எந்த ஸ்கேல், பட்டன் எந்த எண் என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஆர்மோனியத்தோடு சேரவில்லையே?

ஆர்மோனியத்தின் உலோக நாக்குகள் பழையதாகியிருக்கும், அல்லது முதலிலிருந்தே வேறு அளவில் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். அந்த வித்தியாசம் ஓர் அரைச்சுரத்தைவிடக் குறைவு என்பதால் டிரான்ஸ்போஸால் அதைத் தொட முடியாது. இதற்கு உதவுவது டியூனிங் என்ற வேறு வசதி. பியானோ வழக்கமாக நடு சி-க்கு மேலுள்ள ஏ-யை 440 ஹெர்ட்ஸில் வைத்திருக்கும். 1975-இல் ஐஎஸ்ஓ உறுதிசெய்த அளவு அது. டியூனிங்கில் இதைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கலாம்.

ஆர்மோனியத்திலும் பியானோவிலும் அந்த ஏ-யை ஒன்றாக ஒலிக்கவிட்டுக் கவனியுங்கள். ஒலி அலைபோல் ஏறி இறங்கும். நொடிக்கு மூன்று அலை என்றால் வித்தியாசம் 3 ஹெர்ட்ஸ். பியானோவை 443-க்கு ஏற்றிப் பாருங்கள். அலை வேகமாகிவிட்டால் திசை தவறு, 437-க்கு இறக்குங்கள். அலை மெதுவாகி நின்றுவிடும் இடமே சரியான இடம். 453-ஐயும் தாண்டும் அளவுக்கு ஆர்மோனியம் உயர்ந்திருந்தால் டிரான்ஸ்போஸில் ஒரு படி ஏற்றிவிட்டு, அங்கிருந்து டியூனிங்கை இறக்குவது சுலபம்.

இடங்கொடுக்க வேண்டியது எப்போதும் பியானோதான். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் செய்யும்போதே ஒரு சுருதிக்காகச் செய்யப்பட்டவை. பாரி நாதஸ்வரம் 2 அல்லது 2½ கட்டையில் நிற்கும், திமிரி என்ற சிறிய நாதஸ்வரம் அதைவிட உயரம். திருவிழா மேடையில் நாதஸ்வரக்காரரிடம் ‘அண்ணே, கொஞ்சம் இறக்குங்கள்’ என்று கேட்பது நியாயம் இல்லை. அவரை ஸட்ஜம் ஊதச் சொல்லி, நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

சுருதியை மாற்றினால் ராகம் மாறிவிடாதா?

மாறாது. மோகனத்தை சி-யில் தொடங்கி சி, டி, ஈ, ஜி, ஏ என்று வாசித்துவிட்டு டிரான்ஸ்போஸை எங்கு நகர்த்தினாலும் அது மோகனமே, ஏனென்றால் ஸட்ஜமும் மற்ற சுரங்களும் சேர்ந்தே நகர்கின்றன. சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் பழகும் பிள்ளை, சி, டி ஃப்ளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி என்ற விரல்களை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். எந்தக் குரலுக்கும் அதே விரல்கள்.

ராகம் மாறுவது கிரகபேதத்தில். மோகனத்தின் அதே ஐந்து கட்டைகளை வைத்துக்கொண்டு ஸட்ஜத்தை மட்டும் வேறு சுரத்துக்கு மாற்றினால், ரிஷபத்திலிருந்து மத்யமாவதி, காந்தாரத்திலிருந்து ஹிந்தோளம், பஞ்சமத்திலிருந்து சுத்தசாவேரி, தைவதத்திலிருந்து சுத்ததன்யாசி பிறக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நல்ல வழி ஒன்று உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் எஃப் ஷார்ப்பிலிருந்து வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். 4½ கட்டை மோகனம் கேட்கும். −6 வைத்து மறுபடி அதே கட்டைகளை வாசிக்கச் சொல்லுங்கள். 1 கட்டை மோகனம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பியானோவால் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) பிடிக்க முடியாது, அதை எந்தப் பட்டனும் சரிசெய்யாது. தோடி பாடுகிறவருக்குப் பின்னால் ஒவ்வொரு சுரத்தையும் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஸட்ஜ பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பது மரியாதை.

கிட்டார் வாசிப்பவர் கேப்போ போட்டிருக்கிறார். நான் என்ன செய்வது?

கேப்போ என்பது கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி. அது எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அதே எண்ணை வைத்துவிடுங்கள். மூன்றாவது கட்டத்தில் கேப்போ, ஜி வடிவம் என்றால் உங்களுக்கு +3, விரல் ஜி-யில். இருவருக்கும் கார்ட் பெயர்கள் ஒன்றாகிவிடும். பேஸ் கிட்டார்க்காரருக்குக் கேப்போ இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவரிடம் உண்மையில் ஒலிக்கும் பி ஃப்ளாட் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளி இசைக்குழுவின் டிரம்பெட் நோட்டைப் பியானோவில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் −2. ஆல்டோ சாக்ஸபோனுக்கு −9. உங்கள் கருவி அவ்வளவு இறங்காவிட்டால் +3 வைத்து ஒரு ஸ்தாயி கீழே வாசியுங்கள்.

கடைசிச் சரணத்தில் அரைச்சுரம் ஏற்றலாமா?

பட்டனை ஒரு கையால் தட்டினால் மாறும் கருவி என்றால் ஏற்றலாம். சரணங்களுக்கு இடையே மூச்சு வாங்கும் இடத்தில், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு மாற்றுங்கள். பட்டனைப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தொடவேண்டிய கருவி என்றால் வேண்டாம். பாட்டின் நடுவே விரல் தவறினால் பாடுகிறவர் தனித்து நின்றுவிடுவார். கடைசிச் சரணத்தை மட்டும் புதிய ஸ்கேலில் விரலாலேயே பழகுங்கள். ஒரு சரணம்தானே.

இதைப் பயன்படுத்தினால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமா? ஆசிரியை தொடவே கூடாது என்கிறார்.

பாட நேரத்தில் ஆசிரியை சொல்வதே சரி. பியானோ கற்கும் பிள்ளை கண்ணால் நோட்டையும் விரலால் கட்டையையும் காதால் ஒலியையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளும் காலம் அது. நோட்டு சி என்று சொல்ல, காதில் டி விழுந்தால் அந்த இணைப்பு பலவீனமாகும். மேலும் ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வுக்கு ஈப்போவுக்குப் போய் சாதாரணப் பியானோவின் முன் உட்கார்ந்தால் அதில் இந்தப் பட்டன் இருக்காது. பாடமும் தேர்வுப் பயிற்சியும் பூஜ்யத்தில்தான் நடக்க வேண்டும்.

ஆனால் பஜனையிலோ ஆராதனையிலோ மற்றவர்கள் பாட வாசிப்பது வேறு வேலை. அங்கே முதல் கடமை பாடுகிறவரின் குரலுக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஸ்கேலும் கைவரும் வரை பாட்டி காத்திருக்க முடியாது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில், எஃப் ஷார்ப்பில்தான் வாசித்தார். நெம்புகோலைத் தள்ளினால் சுருதி மாறும் தனிவகைப் பியானோக்களை வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: பட்டனை அழுத்தும்போது, இப்போது உண்மையில் எந்த ஸ்கேல் ஒலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘விரல் சி, பட்டன் −3, ஒலி ஏ.’ இதைச் சொல்லிப் பழகிய பிள்ளை, நாளடைவில் ஏ ஸ்கேலையே விரலால் தேடிப் பார்க்கத் தொடங்கும். சி-க்குப் பிறகு ஜி, எஃப், டி, பி ஃப்ளாட் என்று ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டால் பட்டனுக்குப் போகும் தேவை தானாகக் குறையும்.

டிரான்ஸ்போஸ் செய்தால் ஒலியின் தரம் குறையுமா?

குறையாது. கருவி ஏற்கெனவே தன்னிடம் உள்ள வேறொரு சுரத்தின் ஒலியை எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். பதிவுசெய்த பாட்டைக் கைத்தொலைபேசியில் ஏற்றி இறக்கும்போது குரல் விகாரமாவது வேறு விஷயம்.

ஒரே பியானோவைப் பலர் பயன்படுத்துகிறோம். என்ன ஒழுங்கு வேண்டும்?

வாசித்து முடித்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எழுந்திருங்கள். பல கருவிகள் அணைத்தால் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும். சில கடைசி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள். டியூனிங்கையும் மாற்றியிருந்தால் அதையும் 440-க்குத் திருப்புங்கள். இரண்டு ஹெர்ட்ஸ் விலகல் தனியாக வாசிக்கும்போது காதில் படாது. அடுத்த வாரம் புல்லாங்குழல் சேரும்போதுதான் தெரியும்.

சுருதியைக் கேட்டவுடனே பெயர் சொல்லும் பிள்ளை, டிரான்ஸ்போஸ் வைத்தால் தடுமாறுகிறாள்.

அவளுடைய காது அப்படி. சி-யை அழுத்தினால் அவளுக்கு சி கேட்டாக வேண்டும். அடம்பிடிக்கிறாள் என்று எண்ணி வற்புறுத்தாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டிய ஸ்கேலில் நேராக வாசிக்க மற்றவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்வார்கள்; அதற்குக் கால அவகாசம் கொடுங்கள்.

பழைய பியானோ வாங்கப் போகிறோம். இந்த வசதிக்காக எதைப் பார்க்க வேண்டும்?

வசதி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். எண்ணைக் காட்டும் சிறு திரையும் தனிப் பட்டனும் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலான மண்டபத்தில் அவசரத்துக்கு மாற்றும்போது அந்த வித்தியாசம் பெரிது. கடையிலேயே +6, −6 இரண்டையும் வைத்து, இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை எல்லாக் கட்டைகளையும் அழுத்திக் கேளுங்கள். சில கருவிகளில் ஓரத்துக் கட்டைகள் நகர்த்தியதும் ஒரு ஸ்தாயி தாவி ஒலிக்கும். பாட்டுக்குத் துணையாக வாசிப்பவருக்கு அது பெரிய இடையூறு இல்லை. டியூனிங் வசதியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கோயிலில் ஆர்மோனியம் இருந்தால் கட்டாயம்.